மின்கட்டமைப்புடன் இணைந்த சூரிய மின் அமைப்பின் மின் உறுப்புகள்

மின்கட்டமைப்புடன் இணைந்த சூரிய மின் அமைப்பு என்பது சூரியத் தகடுகள் உருவாக்கும் நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மூலம் மாறுமின்னோட்டமாக மாற்றி, பொது மின்வழங்கலுடன் இணைக்கும் அமைப்பு ஆகும். வெயில் உள்ளவரை தகடுகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்தாலும் அது நீங்குவதில்லை. எனவே இதன் உறுப்புகள் தனிக் கவனத்துடன் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இன்வெர்ட்டரும் மின்னழுத்தமும்

தகட்டின் திறந்த சுற்று மின்னழுத்தம் 25 பாகை செல்சியசில் குறிப்பிடப்படுகிறது. குளிரில் அது உயரும். படிக சிலிக்கான் தகடுகளில் இவ்வுயர்வு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. எடுத்துக்காட்டாக, 49 வோல்ட் தகடுகள் 12 தொடராக இணைந்தால் 588 வோல்ட் கிடைக்கும். தகட்டின் வெப்பநிலை 5 பாகையாக இருக்கும் மலைப்பகுதிக் காலையில் அது ஏறக்குறைய 623 வோல்ட்டாகும். 600 வோல்ட் வரம்புள்ள இன்வெர்ட்டர் இதனால் பழுதாகலாம். ஆகவே அவ்விடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் கொண்டே தகடுகளின் எண்ணிக்கை முடிவு செய்யப்படுகிறது.

துண்டிப்பான்கள்

50 ஏர்ட்சு மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், மின்தொடுகைகள் பிரியும்போது தோன்றும் மின்வில் எளிதில் அணைகிறது. நேர்மின்னோட்டத்தில் இவ்வாறு நிகழாது. மின்வில் நீடித்துத் தீப்பற்றக்கூடும். எனவே தகடுகளின் பக்கத்தில் மாறுமின்னோட்டத் துண்டிப்பான்களைப் பயன்படுத்தக் கூடாது.

உருகிகள்

இரண்டு தகட்டுச் சரங்கள் மட்டும் பக்க இணைப்பில் இருந்தால் பொதுவாக உருகி தேவையில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சரங்களில், ஒன்று பழுதானால் மற்றவற்றின் மின்னோட்டம் முழுவதும் அதனுள் பாயும். உருகியின் அளவு பொதுவாகக் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தின் 1.5 மடங்குக்குக் குறையாமல் இருக்கும். 14 ஆம்பியருக்கு இது 21 என்பதால், அடுத்த வழக்கமான அளவான 25 ஆம்பியர் பொருந்தும். தகட்டின் உற்பத்தியாளர் குறிப்பிடும் உச்ச உருகி அளவை அது மீறக் கூடாது.

கம்பிகளும் இணைப்பிகளும்

கூரைக் கம்பிகள் புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் தாங்கும் இரட்டைக் காப்புடையவையாக இருத்தல் வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பிகள் ஒன்றோடொன்று பொருந்துவதுபோல் தோன்றினாலும், தொடுகை தளர்ந்து சூடேறக்கூடும். எனவே ஒரே நிறுவனத்தின் ஒரே வகை இணைப்பிகளே சேர்க்கப்படுகின்றன.

மின்தடையின்போது பாதுகாப்பு

பொது மின்வழங்கல் நின்றவுடன் இன்வெர்ட்டர் தானாக நிற்க வேண்டும். இல்லையெனில், மின்சாரம் இல்லை என்று கருதிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து நேரும். இப்பண்பைச் சோதிக்கும் பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 62116 ஆகும். மின்னல் தாக்கத்தால் எழும் மின்னெழுச்சியிலிருந்து காக்க, எழுச்சிக் காப்பான்களும் முறையான புவித்தொடுப்பும் அமைக்கப்படுகின்றன.