வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் காசு யார் கொடுக்கணும்? அட்வான்ஸ் பணம் பற்றி சட்டம் என்ன சொல்கிறது?

குட்டியானை வாசலில் வந்து நிற்கிறது. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சாவியைக் கையில் கொடுக்கும்போதுதான் ஹவுஸ் ஓனர் கணக்கை ஆரம்பிப்பார்.

"தம்பி, பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை, க்ளீனிங்குக்கு மூவாயிரம், குழாய்க்குத் தனி. அதெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்தை அடுத்த ஆளு குடி வந்ததும் தர்றேன்."

"அண்ணே, சுவரு நல்லாத்தானே இருக்கு?"

"எல்லாருக்கும் இதான்ப்பா வழக்கம்."

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். புது வீட்டு ஓனருக்கு இந்தப் பணத்தை நம்பித்தான் அட்வான்ஸ் சொல்லியிருக்கிறோம். வாக்குவாதம் பண்ண நேரமில்லை. "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுகிறோம். வேலை பார்க்க வந்த ஊரில் வாடகை வீட்டில் இருக்கும் பலருக்கும் இது பழகிய காட்சி.

இதில் எது வழக்கம், எது சட்டம்? சுத்தம் செய்து கொடுப்பது யார் பொறுப்பு? அட்வான்ஸில் எதை எல்லாம் கழிக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தச் சட்டம்?

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது.

இது நகர்ப்புறப் பகுதிகளுக்கான சட்டம். சென்னை, கோவைக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகராட்சிகளும், அனந்தபுரம் போன்ற பேரூராட்சிகளும் இதில் அடங்கும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி வேலைக்காக விழுப்புரத்தில் வீடு எடுத்தவருக்கும், சிப்காட் வேலைக்காகத் திண்டிவனத்தில் ரூம் எடுத்தவருக்கும் இதே விதிகள்தான்.

அட்வான்ஸ் எவ்வளவு? எப்போது திரும்ப வரணும்?

இந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது.

முதலாவது, பாதுகாப்பு வைப்புத்தொகை, அதாவது நாம் சொல்லும் அட்வான்ஸ், 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு: இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும். அந்த ஒரு வரியில்தான் சென்னையின் 10 மாத அட்வான்ஸ் பழக்கம் இன்னும் பிழைத்துக் கிடக்கிறது.

இரண்டாவது, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். "அடுத்த ஆளு வந்ததும் தர்றேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அடுத்த ஆள் வருவதும் வராததும் ஓனரின் பாடு. ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான்.

பெயின்ட் யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்கான பதில் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. வீட்டுப் பராமரிப்பை அது இரண்டாகப் பிரிக்கிறது.

ஓனர் பார்க்க வேண்டியவை: கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் லைனை மாற்றுவது, வீட்டின் உள்ளும் புறமும் உள்ள மின் வயரிங்.

வாடகைதாரர் பார்க்க வேண்டியவை: குழாய், வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, டாய்லெட், வாஷ் பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், சாக்கெட், கிச்சன் சாமான்களின் ரிப்பேர், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, உடைந்த ஜன்னல் கண்ணாடி, பயன்படுத்திய தோட்டத்தின் பராமரிப்பு.

அதாவது, சட்டத்தின் இயல்பான நிலைப்படி பெயின்ட் ஓனர் செலவு. குழாய் வாஷர் நம் செலவு.

ஆனால் இங்கேயும் அதே விலக்கு இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். "காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்காக ஒரு மாத வாடகை கழிக்கப்படும்" என்று ஒரு வரி இருந்து, அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், கடைசி நாளில் வாக்குவாதம் செய்ய நம்மிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்த வரி இல்லாவிட்டால், 'எல்லாருக்கும் இதான் வழக்கம்' என்பது மட்டும் கழிப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது.

பெயின்ட் பணம் போகுமா போகாதா என்பது காலி செய்யும் நாளில் முடிவாவதில்லை. கையெழுத்துப் போட்ட அன்றே முடிவாகிவிடுகிறது.

சுத்தம் என்றால் எவ்வளவு சுத்தம்?

வாடகைக்கு எடுத்தபோது வீடு எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில் திருப்பித் தர வேண்டும். வழக்கமான தேய்மானம் இதில் சேராது. 2017 சட்டமும் இதைத்தான் சொல்கிறது, 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவும் இதைத்தான் சொல்கிறது.

தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் என்ன வித்தியாசம்? மூன்று வருடத்தில் சுவரின் நிறம் மங்குவது, சோபா இருந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிவது, தரையில் நடந்த தடம், பழைய குழாயின் பளபளப்பு போவது எல்லாம் தேய்மானம். வீட்டில் மனிதர்கள் வாழ்ந்தால் இதெல்லாம் வரும், அதற்காகத்தான் மாதாமாதம் வாடகை.

டிவி மாட்டச் சுவரில் போட்ட பெரிய ஓட்டை, உடைந்த டைல்ஸ், குழந்தை சுவர் முழுக்க வரைந்த கிரேயான் படம், பிய்ந்த கொசுவலை ஆகியவை சேதம்.

இரண்டுக்கும் நடுவில் சண்டைக்கு வருவது அழுக்கு. கிச்சன் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேனில் கரி, பாத்ரூம் டைல்ஸில் உப்புக் கறை. அழுக்கு தேய்மானம் ஆகாது, தேய்த்தால் போகக்கூடியது. அதைத் தேய்த்துக் கொடுப்பது நம் வேலை. போர் தண்ணீர் புழங்கும் வீட்டில் உப்புக் கறை வாரா வாரம் தேய்க்காவிட்டால் கல்லாகிவிடும், கடைசி நாள் ஆசிட் ஊற்றினால் டைல்ஸின் மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும். அப்போது அழுக்கு சேதமாக மாறிவிடுகிறது.

ஆனால் வீட்டைச் சுத்தமாகக் கொடுத்த பிறகும் 'க்ளீனிங் சார்ஜ்' என்று ஒரு தொகையைக் கழிப்பது வேறு விஷயம். அப்படி ஒப்பந்தத்தில் இல்லை என்றால், என்ன வேலை செய்தார்கள், பில் எங்கே என்று கேட்கலாம்.

செப்டிக் டேங்க் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பல குடித்தனங்களுக்கு ஒரே தொட்டி என்றால், நிறையும்போது யார் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். யார் செலவாக இருந்தாலும், வண்டி வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். பாதுகாப்பில்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, மாத வாடகை 8,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் இருந்துவிட்டுக் காலி செய்கிறீர்கள்.

ஓனர் போடும் கணக்கு: பெயின்ட் 8,000, க்ளீனிங் 3,000, கிச்சன் குழாய் 600, உடைந்த ஜன்னல் கண்ணாடி 900, கரண்ட் பில் பாக்கி 1,400. மொத்தம் 13,900. கைக்கு வருவது 26,100.

ஒப்பந்தத்தில் பெயின்ட், க்ளீனிங் பற்றி எதுவும் இல்லை, வீட்டையும் சுத்தமாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், கழிக்க வேண்டியது குழாய், கண்ணாடி, கரண்ட் பில் மட்டும்தான். மொத்தம் 2,900. கைக்கு வர வேண்டியது 37,100. வித்தியாசம் 11,000 ரூபாய், ஒரு மாத வாடகையை விட அதிகம்.

ஒருவேளை ஒரு சுவரை நிஜமாகவே பாழாக்கிவிட்டோம் என்றால்? அதற்கு மட்டும் 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெயின்ட் ஐந்து வருடம் தாங்கும், அது அடித்து நான்கு வருடம் ஆகிவிட்டது என்றால், நாம் கெடுத்தது மீதி இருந்த ஒரு வருடத்தைத்தான். அதன் மதிப்பு 600 ரூபாய். இப்படி விகிதம் போடச் சொல்லி நம் சட்டத்தில் எழுதியில்லை. ஆனால் உட்கார்ந்து பேசும்போது இருவரும் ஒத்துக்கொள்ளக்கூடிய நியாயமான வழி இது.

மற்ற இடங்களில் எப்படி?

இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், பெரும்பாலான வாடகை வீடுகளின் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் கீழ் கொண்டுவர வேண்டும். தகராறு வந்தால் அந்தத் திட்டத்திலேயே நடுவர் ஒருவர் போட்டோ, பில் எல்லாம் பார்த்து முடிவு சொல்வார். கழிப்பதற்கான காரணத்தை நிரூபிக்க வேண்டியது ஓனர். அங்கேயும் அடிக்கடி சண்டை வருவது க்ளீனிங்குக்குத்தான். 2019-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, ஆள் வைத்துச் சுத்தம் செய்ய காசு கட்டு என்று வாடகைதாரரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

இந்தியாவில் மத்திய அரசு 2021-ல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு 2 மாத வாடகைதான் உச்சவரம்பு என்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கான மாதிரி மட்டுமே. நமக்குப் பொருந்துவது 2017-ம் ஆண்டின் தமிழகச் சட்டம்தான். நம் ஊரில் பணம் நடுவில் யாரிடமும் இருப்பதில்லை, ஓனர் கையிலேயே இருக்கிறது. அதனால் ஆதாரத்தை நாம்தான் சேர்த்து வைக்க வேண்டும்.

குடி போகும்போது செய்ய வேண்டியவை

1. சாமான் இறக்கும் முன் காலி வீட்டை ஒரு வீடியோ எடுங்கள். ஒவ்வொரு சுவர், குழாய், சுவிட்ச் போர்டு, ஜன்னல், பாத்ரூம் தரை எல்லாம் வரட்டும். அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு இரண்டு பேர் போனிலும் இருக்கும்.

2. ஒப்பந்தத்தில் பெயின்ட், க்ளீனிங், அட்வான்ஸ் என்ற மூன்று சொற்களைத் தேடிப் படியுங்கள். பெயின்ட் வரி இருந்தால், "ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்தா கழிக்க வேணாம்ண்ணே" என்று அப்போதே பேசிப் பார்க்கலாம்.

3. "பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, பதிவு எதுக்கு?" என்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லும் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. 2017 சட்டப்படி எத்தனை மாதம் என்றாலும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இதற்கு அரசின் இணையதளமே இருக்கிறது.

4. அட்வான்ஸை வங்கி வழியாகவோ யுபிஐ-யிலோ கொடுங்கள். பணமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

காலி செய்யும்போது செய்ய வேண்டியவை

1. ஒப்பந்தத்தில் சொன்னபடி முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் இருந்தாலும் பிறகு தேதியைக் காட்ட உதவும்.

2. ஒரு வாரம் முன்னாடியே ஓனரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டுங்கள். "என்னென்ன சரி பண்ணணும் சொல்லுங்கண்ணே, நானே பண்ணிடறேன்" என்று கேளுங்கள். 200 ரூபாயில் நாம் மாற்றும் குழாய், அட்வான்ஸில் 600 ஆகாமல் இருக்கும்.

3. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், காலி செய்யும் அன்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, அதுவரைக்கான தொகையைக் கணக்குத் தீர்த்துவிடுங்கள்.

4. சாமான் போன பிறகு, சுத்தம் செய்த வீட்டை மறுபடி வீடியோ எடுங்கள். சாவி கொடுத்த தேதியை மெசேஜில் உறுதி செய்யுங்கள். ஒரு மாதக் கணக்கைக் காட்ட அந்தத் தேதி வேண்டும்.

5. "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். ஓனர் எழுத்தில் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது வாடகை பாக்கியாகத்தான் பார்க்கப்படும்.

தர மறுத்தால்?

முதலில், எதற்கு எவ்வளவு கழித்தீர்கள் என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். பட்டியல் கேட்டதுமே தொகை குறைவது உண்டு. ஒரு மாதம் தாண்டினால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பலாம்.

இந்தச் சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என மூன்று அடுக்குகள் இருக்கின்றன. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். உங்கள் புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் சட்ட உதவி பற்றி விசாரிக்கலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்குக்கு முன்பே இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கும் வசதியும் அங்கே இருக்கிறது.

ஓனர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஓய்வூதியப் பணத்தில் மாடி கட்டி, அந்த வாடகையை நம்பி இருக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். குப்பை மூட்டையும் கரண்ட் பாக்கியுமாக வீட்டை விட்டுப் போனவர்களைப் பார்த்த அனுபவத்தில்தான் பலர் முன்கூட்டியே கழிக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த இரண்டு வீடியோக்கள் உதவும். நிஜமாகவே சேதம் இருந்தால் காட்டிக் கேட்கலாம்.

அடுத்த வீட்டுக்கு அக்ரிமென்ட் பத்திரம் கைக்கு வரும்போது, கையெழுத்துக்கு முன் பெயின்ட் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.