அணையைத் தள்ளுவது ஆழமே

புனே நகரை அடுத்த தாபோடியின் அருகே பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்கிறது. மழைக்காலத்தில், மேற்கே மலைப்புறத்திலுள்ள பவனா, முல்ஷி அணைகளிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டால், இங்குள்ள தாழ்ந்த கரைகளில் வெள்ளம் ஏறுவதுண்டு. கோடையில் ஒரு குடம் நீருக்கும் அலைய நேரும் நாட்டில், கைக்கு வந்த நீரை வீணே விடுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். விடை, ஓர் எளிய பௌதிக விதியில் அடங்கியிருக்கிறது.

தகரக் குவளை ஒன்றின் பக்கத்தில் மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று துளைகள் இட்டு, நீர் நிரப்பிப் பாருங்கள். மேல்துளை நீர் மெல்ல வழியும். அடித்துளை நீரோ வேகமாகச் சீறிப் பாயும். காரணம் என்ன? அடியிலுள்ள நீர், தனக்கு மேலுள்ள நீரின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. அப்பாரமே அழுத்தமாகிறது. நீரின் அழுத்தம் கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அதே அளவில் செயற்படும்.

ஒரு மீட்டர் ஆழத்தில், நீரால் உண்டாகும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஒரு டன். பத்து மீட்டரில் பத்து டன். இங்கே கருதத்தக்கது ஆழம் ஒன்றே, பரப்பு அன்று. குறுகிய கிணறாயினும் கண்ணுக்கெட்டாத ஏரியாயினும், ஐந்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஒன்றுதான்.

இனி அணையைக் காண்போம். பத்து மீட்டர் ஆழ நீர், செங்குத்தான சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 50 டன் விசையோடு தள்ளும். ஆழம் இருபது மீட்டரானால் விசை இரு மடங்காகாது. நான்கு மடங்காகி 200 டன்னை எட்டும். சுவரைக் கவிழ்க்கும் ஆற்றலோ எட்டு மடங்காகும். கல்லணைகளை உச்சியில் ஒடுக்கமாகவும் அடியில் மிக அகலமாகவும் கட்டுவது இதனாலேயே.

முப்பது மீட்டர் ஆழம் முப்பத்து மூன்றாக உயர்ந்தால், மூன்று மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் தள்ளும் விசை 450 டன்னிலிருந்து ஏறத்தாழ 545 டன்னாகிறது. கவிழ்க்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு பெருகுகிறது. நீர் உச்சியைத் தாண்டி வழியத் தொடங்கினால், அணையின் அடிப்புறத்தை அரிக்கும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

புனே மக்கள் இதனைப் பெருந்துயரோடு அறிந்தனர். 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், கட்டி முடிவு பெறாதிருந்த பான்ஷேத் மண் அணை உடைந்தது. இராணுவ வீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கிக் காக்க முயன்றும் பயனில்லை. அவ்வெள்ளம் கீழேயிருந்த கடக்வாஸ்லா ஏரியில் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அக்கல்லணை, தன் உச்சிக்கு மேல் பாய்ந்த நீரைத் தாங்க மாட்டாமல் அன்றே உடைந்தது. முட்டா ஆற்றின் கரையிலிருந்த நகரப் பகுதிகள் மூழ்கின. உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் நேர்ந்தன. பின்னர் இரு அணைகளும் மீண்டும் கட்டப்பட்டன.

ஆகவே, நிறைந்த அணையிலிருந்து காலத்தே திறக்கப்படும் நீர் வீணாகும் நீரன்று. அணையின் ஆழத்தை எல்லைக்குள் நிறுத்தி, கீழே வாழும் ஊர்களைக் காக்கும் நீர் அது. எச்சரிக்கை கிடைத்தவுடன் கரையை விட்டு மேட்டுக்குச் செல்வது, அக்காப்பில் மக்கள் ஏற்க வேண்டிய பங்காகும்.