கஞ்சாவை விட்ட முதல் பதினைந்து நாள்

விட்டவர்கள் ஏன் திரும்புகிறார்கள்?

கஞ்சாப் பழக்கத்துக்குச் சிகிச்சை கேட்டு வரும் இளைஞர்களில் பலர் அதை முதல் முறையாக விட வருகிறவர்கள் அல்லர். ஏற்கெனவே மூன்று முறை, நான்கு முறை விட்டுப் பார்த்தவர்கள். வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு முறை, நிச்சயதார்த்தம் ஆனதும் ஒரு முறை, அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்து ஒரு முறை. எத்தனை நாள் தாங்கினீர்கள் என்று கேட்டால் வருகிற விடைதான் கவனிக்கத் தக்கது: நாலு நாள், அஞ்சு நாள், மிஞ்சிப்போனால் ஒரு வாரம். ஊர் வேறு, வேலை வேறு, வயது வேறு; நாள் கணக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மன உறுதி ஆளுக்கு ஆள் மாறும். எல்லாரும் ஒரே இடத்தில் இடறி விழுந்தால் அந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். நெடுநாள் புகைத்தவர் நிறுத்தியதும் இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை உடம்பு படுத்துகிற பாடுதான் அந்தப் பள்ளம். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லாததோடு, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று நம்ப வேறு வைத்துவிடுகிறார்கள்.

‘அது மூலிகை, பழக்கமே ஆகாது’

செடியில் விளைவது, சாமியார்கள் பிடிப்பது, சாராயம் மாதிரி கை நடுங்காது, நினைத்த நேரத்தில் விட்டுவிடலாம். இந்த நம்பிக்கைக்கு மருத்துவ உலகமும் ஒரு காலம் துணை நின்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பில் மதுவுக்கும் ஓபியத்துக்கும் விலகல் நோய், அதாவது நிறுத்தியதும் வரும் தொல்லை, உண்டு; கஞ்சாவுக்குக் கிடையாது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. இடையில் நடந்த ஆய்வுகளில் ஒரு வகைச் சோதனை இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் போதுமானது. தினமும் புகைத்தவர்களைப் புகைப்பதை நிறுத்தச் சொல்லி, சில நாட்கள் கஞ்சாவின் போதைச் சத்தான டி.எச்.சி. அடங்கிய மாத்திரையும், சில நாட்கள் பார்வைக்கு அதே போலிருக்கும் வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். எது எந்த மாத்திரை என்று சாப்பிட்டவர்களுக்குச் சொல்லவில்லை. சத்து உள்ளே போன நாட்களில் எரிச்சல் முதலான தொல்லைகள் தணிந்தன. வெற்று மாத்திரைக்கு அந்தப் பலன் இல்லை. எல்லாம் மனப்பிரமை என்றால் இரண்டு மாத்திரைக்கும் ஒரே பலன் இருந்திருக்க வேண்டுமே!

மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. டி.எச்.சி. வந்து ஒட்டுவதற்கென்று மூளையில் ஏற்பிகள் இருக்கின்றன. தினமும் அளவுக்கு மீறி வந்து இறங்கும் சத்தைச் சமாளிக்க, மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. நிறுத்திய இரண்டு நாட்களிலேயே அவை திரும்ப ஆரம்பிக்கின்றன. ஏறத்தாழ 4 வாரத்தில் புகைக்காதவர்களின் அளவை நெருங்கிவிடுகின்றன. இந்த 4 வாரம் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

2020-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 47 ஆய்வுகளில் இடம்பெற்ற 23,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு விலகல் தொல்லை இருந்தது. அப்படியானால் பாதிப் பேருக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே பொருள் என்று கேட்பார்கள். உண்மைதான். எப்போதாவது புகைத்தவர் விடும்போது ஒன்றும் ஆகாமல் போகலாம். அவருடைய அனுபவத்தை எட்டு வருடம் தினம் நாலு முறை இழுத்தவருக்கு உதாரணம் காட்டுவதுதான் தவறு. ‘நான் விட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்ற நண்பரின் ஒரு வார்த்தை, விட முயல்கிறவரைத் தன்மேலேயே சந்தேகப்பட வைத்துவிடுகிறது.

வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆராய்ந்து, தீங்கில்லை என்று சொல்லிவிட்டானே என்று வாதாடும் படித்த கூட்டமும் உண்டு. 1893-94-ல் இயங்கிய இந்திய சணல் போதைப்பொருள் ஆணையத்தைத்தான் சொல்கிறார்கள். அந்த ஆணையம் மிதமான பயன்பாட்டில் பெரிய தீங்கில்லை என்று எழுதியது; மிதமிஞ்சிய பயன்பாட்டைத் தனியே பிரித்து, அதில் தீங்குண்டு என்றும் எழுதியது. இரண்டாம் பாதியை மேற்கோள் காட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. வெளிநாடுகளில் மருந்தாகவே கொடுக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். மார்ஃபினும் மருந்துதான், அதற்காக வலியில்லாதவர் யாரும் அதைத் தினம் மூன்று வேளை எடுக்கலாம் என்று ஆகிவிடாது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி, ஓராண்டில் கஞ்சா அல்லது பாங்கு உட்கொண்ட இந்தியர்கள் ஏறக்குறைய 3.1 கோடி, அதனால் சிக்கலுக்கு உள்ளாகி உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 72 லட்சம். மூலிகை என்று பெயர் வைத்தால் 72 லட்சம் சிறிய எண் ஆகிவிடாது.

நாள் வாரியாக என்ன நடக்கும்?

முதல் நாள் பெரும்பாலும் ஏமாற்றும். டி.எச்.சி. கொழுப்பில் தங்கி மெதுவாகக் கசியும் சத்து. அதனால் நிறுத்திய அன்றே உடம்பு புலம்பாது. ‘இவ்வளவுதானா!’ என்ற தெம்பு வரும். தொல்லை பொதுவாக 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். முதலில் வருவது எரிச்சல். தட்டு வைக்கும் சத்தம்கூடப் பொறுக்காது. ஒன்றுமில்லாததற்குக் கத்தத் தோன்றும். கூடவே படபடப்பு, இருப்புக் கொள்ளாமை, மனச்சோர்வு. சோறு இறங்காது, எடை குறையும். சிலருக்கு வயிற்றுப் பிசைவு, தலைவலி, இரவில் சட்டை நனைகிற வியர்வை, குளிர் நடுக்கம். முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு வாரத்துக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். தூக்கம் மட்டும் கடைசியில் சீராகும். அதற்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

கனவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகவும் பயமுறுத்துவது அதுதான். கஞ்சா, கனவு வருகிற தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. வருடக்கணக்கில் அமுங்கிக் கிடந்தது, நிறுத்தியதும் அணை திறந்த மாதிரி பாயும். நேரில் நடப்பது போலவே துரத்தல், சாவு, அலறல். அதிகாலையில் எழுந்து உட்கார்ந்து அழுகிறவர்கள் உண்டு. அதிலேயே மறுபடி புகைக்கிற கனவும் வரும், விழித்ததும் குற்ற உணர்ச்சி பிடுங்கும். கனவில் புகைத்தது கணக்கில் வராது. மூளை தன் பழைய தூக்கத்தை மீட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் நம் ஊரில் யார் கண்ணிலும் படுவதில்லை. இங்கே கஞ்சாவைத் தனியாகப் புகைப்பவர்கள் குறைவு. பீடியிலோ சிகரெட்டிலோ புகையிலையோடு கலந்துதான் புகைக்கிறார்கள். கலவையை விட்டவருக்கு நிகோடின் விலகலும் சேர்ந்தே வருகிறது. இரண்டு வண்டி ஒரே நேரத்தில் மோதுகிறது, அவரோ ஒன்றின் பெயரை மட்டும் எழுதி வைக்கிறார். சிகிச்சையில் இரண்டையும் கணக்கில் எடுக்காவிட்டால் பாதி வைத்தியம்தான் நடக்கும்.

‘அதுதான் என் மருந்து’ என்ற தப்புக் கணக்கு

ஐந்தாம் நாள் இரவு. மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது. ஒரு இழுப்பு இழுக்கிறார். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு: எனக்குப் பதற்ற நோய் இருக்கிறது, கஞ்சாதான் அதற்கு மருந்து. வீட்டில் எடுக்கும் முடிவும் ஏறத்தாழ அதுவே: பிடிக்கும்போதாவது அமைதியாக இருந்தான், விட்டதிலிருந்து பேய் பிடித்த மாதிரி ஆடுகிறான். இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன. கஞ்சா உண்டாக்கிவிட்டுப் போன தவிப்பைக் கஞ்சாவே வந்து தணிக்கிறது. கடன் கொடுத்தவனே வட்டி கட்டவும் கடன் கொடுத்தால் அவனை வள்ளல் என்று சொல்வோமா?

‘நான் புகைக்க ஆரம்பிப்பதற்கு முன்பே எனக்குத் தூக்கம் வராது’ என்று சிலர் சொல்வார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது; பதற்ற நோயோ மனச்சோர்வோ முதலில் இருந்து, அதற்கு ஆறுதலாகப் புகைக்கத் தொடங்கியவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அதை ஐந்தாம் நாளில் முடிவு செய்ய முடியாது. ஏற்பிகள் பழைய நிலைக்கு வர 4 வாரம் ஆகும் என்றேன் அல்லவா? அந்த 4 வாரம் தாண்டியும் படபடப்பு நீடிக்கிறது என்றால் அது தனி நோய். அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அதற்கு முன்பே தீர்ப்பு எழுதுவது, சாயம் காயாத சுவரைப் பார்த்து நிறம் சரியில்லை என்று சொல்வதற்குச் சமம். இந்த 4 வாரத்தையும் மருத்துவரின் பார்வையில் கடப்பது நல்லது.

மாலை போட்டால் மட்டும் எப்படி முடிகிறது?

இது பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி. சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் முழுக்கத் தொடாமல் இருக்கிறானே, அப்போது இந்த விலகல் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவனைச் சுற்றி என்னென்ன மாறுகின்றன என்று பாருங்கள். விடியுமுன் எழுந்து குளிக்கிறான். வேளைக்கு வீட்டுச் சாப்பாடு. மாலையில் பழைய கூட்டத்துக்குப் பதில் பஜனை. அவன் முகம் சுளித்தாலும் வீடு ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறது, யாரும் பதிலுக்குப் பதில் கத்துவதில்லை. முக்கியமாக, தூக்கம் கெட்டாலும் உடம்பு வலித்தாலும் விரதம் என்றால் அப்படித்தான் என்று அதற்கொரு பொருள் கிடைத்துவிடுகிறது. முடிவு நாளும் தெரிந்திருக்கிறது. விலகலைத் தாங்க ஒருவருக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் அங்கே தானாக அமைந்துவிடுகிறது. மாலையைக் கழற்றியதும் வீழ்வது விலகலால் அல்ல, அது அடங்கி வாரக்கணக்காகியிருக்கும். அதே நண்பர்கள், அதே மொட்டை மாடி, ஒரு பொட்டலம் தரும் அதே கைபேசி எண், இவற்றால். இந்த இரண்டாம் ஆபத்துக்கு வேறு வைத்தியம் வேண்டும், ஆலோசனைச் சிகிச்சை பெரும்பாலும் அதற்குத்தான். முதல் ஆபத்தைக் கடக்க என்ன ஏற்பாடு வேண்டும் என்பது மாலை போட்ட வீடுகளுக்கெல்லாம் ஏற்கெனவே தெரியும்.

கைவைத்தியமும் கடை மாத்திரையும்

இங்கே பொறுமை இழக்காமல் எழுதுவது கடினம். தூக்கம் வரவில்லை என்றதும் நண்பன் கொடுக்கிற அல்பிரசோலம், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்குகிற தூக்க மாத்திரை. இவை சில வாரத்திலேயே தம்மளவில் பழக்கமாகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடியவை. கஞ்சா விலகலில் வலிப்பு வராது. அதைச் சமாளிக்க வலிப்பு வரும் பழக்கத்தை வாங்கிக்கொள்வதை என்னவென்று சொல்வது? டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் கூட்டம் தமிழ்நாட்டில் இருப்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். கஞ்சா கிடைக்காத வாரத்தில் அந்தப் பக்கம் ஒதுங்குகிறவர்களுக்குக் கஞ்சாவே தேவலை என்று ஆகிவிடுகிறது. ‘ராத்திரிக்கு மட்டும் ஒரு குவார்ட்டர்’ என்பது இன்னொரு மாற்று. மது தூங்க வைப்பது போல வைத்து நடுஇரவில் எழுப்பிவிடும், மறுநாள் எரிச்சலை இரட்டிப்பாக்கும்.

பிறகு அந்தப் பொடிகள். மூன்றே நாளில் உடம்பிலிருந்து கஞ்சாவைக் கழுவி எடுக்கும் என்று விற்கிறார்கள். கொழுப்பில் தங்கிய சத்து தன் வேகத்தில்தான் வெளியேறும். எலுமிச்சைச் சாறோ, மோரோ, ஆவி பிடிப்பதோ, பட்டினியோ அதை விரட்டாது. தாகத்துக்கு மோர் குடிப்பது வேறு விஷயம், தாராளமாகக் குடிக்கலாம். அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் இருந்து, அவன் வெளியில் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்து.

எப்போது மருத்துவமனை?

கஞ்சா விலகலுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் குறுகிய காலத்துக்கு மருத்துவர் தருகிற மருந்தும், ஆலோசனையும் பெரும்பாலோருக்குப் போதும், வெளிநோயாளியாகவே சமாளிக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனை தேவைப்பட்டால் செய்வார்கள். நெடுநாள் புகைத்தவருக்கு அது வாரக்கணக்கில் காட்டிக்கொடுக்கும், அதை வைத்து ஏமாற்றிவிட்டான் என்று சண்டை போட வேண்டாம். காதில் குரல் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகச் சந்தேகிப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு, நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தினமும் குடிப்பவர் கஞ்சாவோடு மதுவையும் ஒரே நாளில் நிறுத்துவது வீட்டில் செய்கிற காரியம் இல்லை. மது விலகல் உயிரைக் குடிக்கும்.

போலீஸ் பயத்தால் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிகிச்சைக்கு வந்தவரின் விவரத்தை ரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது; பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சையை முடித்தால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற வழியுண்டு. 14446 என்ற மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் கட்டணமில்லாதவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குச் சீட்டுப் போட்டு நேரே போகலாம்.

வீட்டிலிருப்பவர்களிடம் ஒரு கெஞ்சல்

அந்தப் பதினைந்து நாளும் அவன் பேசுவதைப் பேச்சாக எடுக்காதீர்கள். பழைய கணக்கை அந்த வாரத்தில் பிரிக்காதீர்கள். எவ்வளவு பணம் போனது, யார் மானம் போனது என்பதெல்லாம் அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும். அறையில் பூட்டாதீர்கள், அடிக்காதீர்கள். பதிவு இல்லாத மறுவாழ்வு மையத்தில் கட்டிப்போட்டுத் திருத்துவார்கள் என்று கொண்டுபோய் விடாதீர்கள். யாரையும் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. பசிக்காவிட்டாலும் கொஞ்சம் கஞ்சியோ இட்லியோ கொடுங்கள், சாயங்காலம் கூட ஒருவர் நடக்கப் போங்கள், மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். கைபேசியில் பொட்டலம் தருபவர்களின் எண்களை அவனையே அழிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு நாள் வழுக்கிவிட்டால், அதை ஒளித்து மூன்று மாதம் கழித்து அழைத்து வராதீர்கள். மறுநாள் காலையிலேயே கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு நாள் வழுக்கியவரை மீட்பதற்கும் மூன்று மாதம் திரும்பப் புகைத்தவரை மீட்பதற்கும் உள்ள வித்தியாசம், இன்னொரு முழு விலகல்.