‘டிக்’னு கேட்குது... ‘டமார்’ வரலையா?

25 மீட்டர் பிஸ்டல் போட்டி. ரேபிட் ரவுண்டு. சுடறதுக்குக் கிடைக்கிற நேரம் 3 விநாடி, அடுத்த 7 விநாடி காத்திருப்பு. இப்படி அஞ்சு தடவை. மூணாவது தடவை கையைத் தூக்கறீங்க, குறி பார்க்கறீங்க, ட்ரிக்கரை அழுத்தறீங்க...

‘டிக்!’

அவ்ளோதான். குண்டு போகலை. இப்ப என்ன செய்வீங்க பாஸ்? ‘சட்டுனு ஸ்லைடை இழுத்து, அடுத்த தோட்டாவை ஏத்தி சுட்டுடுவேன்’னுதானே சொல்ல வர்றீங்க? போச்சு! சர்வதேச விதிப்படி, ரேஞ்ச் ஆபீசர் வந்து பார்க்கறதுக்கு முன்னாடி பிஸ்டலைத் திறந்தா அது ‘அனுமதிக்க முடியாத கோளாறு’. சுடாம விட்ட ஒவ்வொரு குண்டுக்கும் முட்டை மார்க். (செமஸ்டர்ல வாங்கறது போதாதா?) அதுக்குப் பதிலா, பிஸ்டலை இலக்கு பக்கமே பிடிச்சுக்கிட்டு, சும்மா இருக்கிற கையைத் தூக்கணும். கோளாறு உண்மைன்னு அவர் ஒத்துக்கிட்டா, மிச்ச குண்டுகளைச் சுட வாய்ப்பு கிடைக்கும்.

மார்க்கை விடுங்க, உயிர்னு ஒண்ணு இருக்கே! சில தோட்டா லேட்டா வெடிக்கும். ‘ஹேங்ஃபயர்’னு பேரு. பிராக்டீஸ்லயும் குறைஞ்சது 30 விநாடி பேரலை இலக்கு பக்கமே வெச்சுக்கிட்டு காத்திருங்க. பேரலுக்குள்ள எட்டிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

சரி, ஏன் வெடிக்கலை? இங்கதான் பாயிண்ட் 22 தோட்டாவோட ரகசியம் இருக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல விஜய்குமார் வெள்ளி ஜெயிச்சாரே, அந்த ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டிக்கு இதே ரகம்தான். என்.சி.சி. நண்பர்கள் ரைஃபிள்ல சுட்டிருப்பீங்க. பெரிய தோட்டாக்கள்ல பத்த வைக்கிற மருந்து அடிப்பாகத்துக்கு நடுவுல தனி மூடியில இருக்கும். இதுல அந்த மருந்து பித்தளைக் கேஸோட விளிம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு. ஃபேக்டரியில ஈர மருந்தை உள்ள போட்டு, கேஸை வேகமா சுழட்டி, விளிம்பு முழுக்கப் பரவ வைப்பாங்க. எங்கயாவது ஒரு இடத்துல பரவலைன்னு வைங்க, ஃபயரிங் பின் சரியா அங்கயே குத்தினா ‘டிக்’தான்!

ஆனா எல்லாரும் செய்யறது என்னன்னா, நேரா தோட்டா மேல பழியைப் போடறது. வெடிக்காத தோட்டாவை கோச் முன்னாடி எடுத்து, விளிம்பைப் பாருங்க. நல்லா ஆழமா குழி விழுந்திருக்கா? சந்தேகம் தோட்டா மேல. லேசா கீறல் மாதிரி இருக்கா? குற்றவாளி உங்க பிஸ்டல்.

அதே தோட்டாவைக் கொஞ்சம் திருப்பி வெச்சு மறுபடி சுட்டா வெடிக்குதா? ‘பார்த்தியா, மருந்து சரியில்லை’ன்னு குதிக்காதீங்க. இன்னொரு வாய்ப்பும் இருக்கு. தோட்டா மேல மெழுகு பூச்சு இருக்கும். அந்த மெழுகு, ஈயம், கரி எல்லாம் சேர்ந்து சேம்பர்ல படிஞ்சா தோட்டா முழுசா உள்ள உட்காராது. பின் அடிக்கிற முதல் அடி, விளிம்பை நசுக்காம தோட்டாவை உள்ள தள்ளறதுக்கே செலவாகிடும். மெத்தை மேல வெச்சு ஆணி அடிச்ச கதைதான். ரெண்டாவது அடிக்கு நல்லா உட்கார்ந்திருக்கும், வெடிச்சிடும். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

ஆக, முதல் வேலை சேம்பரைச் சுத்தம் பண்றது. அடுத்து ஃபயரிங் பின் ஓடற பாதை. ‘எண்ணெய் விட்டா நல்லது’ன்னு ஊத்தி வெச்சிருப்பாங்க சிலர். அது கரியோட சேர்ந்து பிசினாகி, பின்னோட வேகத்தையே குறைச்சிடும். அதுக்கும் மசியலைன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பின் முனை தேய்ஞ்சிருக்கலாம். அதைப் பழுது பார்க்கிறவர் பார்த்துக்கட்டும், நீங்க கை வைக்காதீங்க.

தோட்டா இல்லாம சும்மா ‘டிக் டிக்’னு அடிச்சுப் பழகறவங்களுக்கு ஒரு வார்த்தை. குறுக்க தோட்டா விளிம்பு இல்லைன்னா, சில பிஸ்டல்கள்ல பின் நேரா சேம்பர் ஓரத்துலயே போய் மோதி வடு உண்டாக்கும். நிறைய டார்கெட் பிஸ்டல்கள்ல இந்தப் பயிற்சிக்கே தனி ஏற்பாடு இருக்கு. உங்களுதுல இருக்கான்னு மேனுவல்ல பாருங்க.

இன்னும் குழப்பமா? லேப்ல செய்யற மாதிரி ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. அதே பிஸ்டல்ல வேற பெட்டி தோட்டா. அதே பெட்டியை கிளப்ல வேற பிஸ்டல்ல. ஒரே பெட்டி ரெண்டு பிஸ்டல்லயும் மக்கர் பண்ணினா, அந்தப் பெட்டியை ஓரம் கட்டிடலாம். வெடிக்காத தோட்டாவை மட்டும் பாக்கெட்ல போட்டு ஹாஸ்டலுக்குக் கொண்டு போகாம ரேஞ்ச் ஆபீசர்கிட்ட ஒப்படைச்சிடுங்க.

‘டிக்’கை விட மோசமானது ஒண்ணு இருக்கு. வழக்கமான சத்தம் இல்லாம ‘புஸ்’னு கேட்டா, குண்டு பேரல் நடுவுலயே மாட்டியிருக்கலாம். அப்ப அடுத்த தோட்டா ஏறவே கூடாது. ஏறி வெடிச்சா பேரல் வீங்கும், கிழியவும் செய்யும். பிஸ்டல் இலக்கு பக்கமே இருக்கட்டும், கையைத் தூக்கி ஆபீசரைக் கூப்பிடுங்க.