மருந்துக்கு அஞ்சாத கொம்பு ஈ

மாட்டின் குருதியை உறிஞ்சி வாழும் ஈக்களுள், ஐக்கிய அமெரிக்காவின் பண்ணையாளருக்குப் பெருநட்டம் விளைப்பது கொம்பு ஈயாகும். ஐரோப்பாவிலிருந்து புகுந்த இவ்வீ அந்நாட்டின் கீழைக்கரையில் 1887ஆம் ஆண்டளவில் முதன்முதலாகக் காணப்பட்டது. வீட்டு ஈயிற் பாதியளவே உள்ளதாயினும், இரவும் பகலும் மாட்டின் உடலிலேயே தங்கி, நாளொன்றுக்கு இருபது முறைக்கு மேல் குருதி குடிக்கும். நூற்றுக்கணக்கில் மொய்க்கும்போது மாடு அமைதியாக மேயமாட்டாது. அதனால் உடல் மெலியும், பால் குறையும், கன்றின் வளர்ச்சியும் குன்றும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் டி.டி.ரி. என்னும் மருந்து இவ்வீயைப் பெரிதும் அடக்கிற்று. ஆயினும் சில ஆண்டுகளில் அதன் வலிமை குன்றியது. 1980ஆம் ஆண்டளவில், பைரெத்திரொயிட்டு வகை மருந்தூட்டிய பிளாத்திக்குத் தகடுகளை மாட்டின் காதில் மாட்டும் முறை பரவியது. தொடக்கத்தில் கோடை முழுவதும் ஈயின்றி மாடுகள் மேய்ந்தன. ஆனால் 1980களின் முற்பகுதியிலேயே, தகடு மாட்டிய மாடுகளிலும் ஈக்கள் மொய்க்கலாயின.

மருந்துக்கு ஈ பழகிவிட்டது என்று எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. பெருங்கூட்டத்தில் மிகச் சில ஈக்கள் பிறவியிலேயே நஞ்சைத் தாங்கவல்லன. சுளகிலிட்டுப் புடைக்கும்போது பதர் பறந்து மணி எஞ்சுவது போல, மருந்து ஏனையவற்றைக் கொல்ல, அச்சிலவே எஞ்சிப் பெருகுகின்றன. வெப்பக் காலத்தில் முட்டை ஈயாவதற்கு இரண்டு வாரமளவே ஆகுமாதலால், ஒரே கோடையிற் பல தலைமுறைகள் தோன்றிவிடும். மேலும், டி.டி.ரி.யும் பைரெத்திரொயிட்டும் நரம்பின் ஒரே இடத்தையே தாக்குவன. அவ்விடம் மாறியமைந்த ஈக்கு அவ்விரண்டும் ஒன்றே.

ஆகவே, மருந்தை அளவறிந்து பயன்படுத்தல் வேண்டும். மாடொன்றில் ஏறத்தாழ 200 ஈக்கள் சேர்ந்த பின்னரே மருந்திடலாம் என்பது அந்நாட்டு வல்லுநர் பலர் கூறும் அளவு. வலிமை குன்றிய தகடு சிறிதளவு நஞ்சையே கசிந்து, தாங்கும் ஈக்களைத் தெரிந்தெடுத்து வளர்க்கும். எனவே பருவ முடிவில் அதைக் கழற்றிவிடுதல் அவசியம். அடுத்த முறை சேதனப் பொசுபரசு போன்ற வேறு வகை மருந்தை நாடுதல் நன்று. வணிகப் பெயரை மாற்றுவது மருந்தின் வகையை மாற்றுவதாகாது.

மருந்தின்றியும் ஈயைக் குறைக்கலாம். கொம்பு ஈ புதுச் சாணகத்திலன்றி வேறெங்கும் முட்டையிடாது. சாணகத்தைப் பரப்பி உலரவிட்டால் புழுக்கள் மடியும். சாணக வண்டுகளும் அப்பணிக்கு உதவும். 1930களில் புரூசு என்பார் அமைத்த பொறியும் உண்டு. மாடு அதனூடே நடக்கும்போது தொங்கும் திரைகள் ஈக்களை உதறிவிட, அவை வெளிச்சத்தை நாடிச் சென்று வலைக்கூட்டில் அகப்படும். இது ஈக்களைப் பாதியளவு குறைக்கவல்லது.

ஈக்கு வேலியில்லை. ஒரு பண்ணையிற் பெருகிய, நஞ்சைத் தாங்கும் ஈ அடுத்த பண்ணைக்கும் பறந்து செல்லும். ஒருவர் மருந்தை வீணே இறைத்தால், அயலவரின் மருந்தும் பயனற்றுப் போகும்.