விடுதிச் சோறும் வீட்டுக் களியும்

காளஹஸ்தியிலிருந்து திருப்பதிக்கு 40 கிலோமீட்டர்கூட இல்லை. சுவர்ணமுகி நதிக்கரையில் வளர்ந்த மாணவன் ரேணிகுண்டாவைக் கடந்து வந்து, 1954-ல் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறான். விடுதியில் இடமும் பெறுகிறான். இச்சிறு பயணத்தில் அவன் பெரும்பாலும் வீட்டிலேயே விட்டுவிடும் பொருள் ஒன்று உண்டு. அது ராகிச் சங்கட்டி.

தெலுங்கர் சங்கட்டி என்பதைத்தான் நாம் கேழ்வரகுக் களி என்கிறோம். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதன்மேல் ராகி மாவைக் கொட்டி மூடி, மாவு வெந்தபின் துடுப்பினால் கிண்டி உருட்டுவது இருவர் வீட்டிலும் ஒரே முறை. சித்தூர்ச் சீமையில் தொட்டுக்கொள்ள நிலக்கடலைப் பச்சடியும் சேர்ந்துவிட்டால், தமிழகத்தை விட்டு வந்தோம் என்ற நினைவே நமக்கு எழுவதில்லை.

இந்த உருண்டையின் சிறப்பு யாது? தானியமணி எதுவாயினும் அதில் மூன்று பகுதிகள் உள்ளன. வெளியே தவிடு, உள்ளே மாவுப் பகுதி, ஓர் ஓரத்தில் முளைக்கரு. நாரும், தாது உப்புக்களும், பி வகை உயிர்ச்சத்துக்களும் தவிட்டிலும் கருவிலுமே மிகுந்திருக்கின்றன. ஆலையில் அரிசியைத் தீட்டும்போது இவ்விரண்டும் போய்விடுகின்றன; வெண்மை மிஞ்சுகிறது. ராகியோ கடுகுபோல் சிறியது. அதன் மேல்தோல் மாவோடு இறுக ஒட்டியிருப்பதால் அரிசியைப்போல் எளிதில் தீட்ட இயலாது. ஆகவே முழுமணியாகவே அரைபடுகிறது. முழுதானியம் என்ற சொல்லையே கேட்டிராத பாட்டிமாரும் அதனை நாள்தோறும் படைத்தனர்.

தீட்டிய அரிசியால் விளைந்த கேட்டை இந்நாடு ஒருமுறை கண்கூடாகக் கண்டது. சென்னை மாகாணத்தின் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி என்னும் நோய் நிலைத்திருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களிலோ அந்நோய் அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து மணிக்குள் ஊறிவிடுவதே காரணம். ராபர்ட் மக்காரிஸன் 1918-ல் குன்னூரில் இந்நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் தொடங்கிய ஆராய்ச்சிச்சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. நம்மைப்போல் அதுவும் தமிழ்மண்ணிலிருந்து பெயர்ந்து வந்ததே!

பருப்பும் காயும் சேர்ந்த விடுதி உணவால் இன்று எவருக்கும் பெரிபெரி வந்துவிடாது. குறை வேறு வகையானது. காலையில் இட்லி அல்லது பூரி, நண்பகலில் வெள்ளைச் சோறு, மாலையில் மைதா ரொட்டி, இரவில் மீண்டும் சோறு என்று நாட்கள் செல்லும்போது நார்ச்சத்து குன்றி மலச்சிக்கல் தோன்றுகிறது. சுண்ணாம்புச் சத்தின் கணக்கோ இன்னும் கவலைக்குரியது. நூறு கிராம் ராகியில் அது 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். எலும்பு உறுதிப்படும் காலம் இருபதுகளின் பிற்பகுதிவரை நீள்வது. கல்லூரிப் பருவம் முழுதும் அதனுள் அடங்கிவிடுகிறது.

இவ்வளவும் இருந்தும் களியென்றால் இளைஞர் நாணுகின்றனர். தமிழில் ‘களி தின்னப் போகிறாயா’ என்றால் சிறைக்குப் போகிறாயா என்று பொருளாகிவிட்டது. நல்லதோர் உணவுக்கு நாமே கட்டிய கெட்ட பெயர் இது. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய 2023-ல், மார்ச்சு மாதத்தில், ஆந்திர அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு ராகிக் கஞ்சி வழங்கத் தொடங்கியது. பள்ளியில் கஞ்சி குடித்த பிள்ளையே கல்லூரி வாயிலில் அதை மறந்துவிடுகிறான்.

ராகியை மருந்தாக்கி முழங்குவோருடன் நாம் உடன்படவில்லை. நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழ் இரத்தத்தில் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். நீரிழிவுள்ளோர் அளவறிந்து உண்ணவேண்டும். அதிலுள்ள சில பொருள்கள் சுண்ணாம்பையும் இரும்பையும் உடல் ஏற்காதபடி தடுப்பதுமுண்டு. மணியை ஊறவைத்து முளைகட்டினால் அத்தடை குறையும். ராகி பிஸ்கோத்து என்று விற்பதில் மைதாவே முதலிடம் பெறுவதும் உண்டு. உறையிலுள்ள பட்டியலைப் படித்து வாங்குவது நலம்.

நூற்றுக்கணக்கான பேருக்குக் களி கிண்டுவது சமையற்காரரின் தோளுக்குக் கடினமே. ஆனால் ராகி தோசையோ, மோர் கலந்த கூழோ வாரம் இரு நாள் வேண்டுமென்று மாணவர் கேட்டால் விடுதிக்குப் பெரும் செலவில்லை. பிள்ளைக்கு மாவு அனுப்பும் தாய்மார் ஒன்றைக் கருதவேண்டும். முளைக்கருவிலுள்ள எண்ணெய் முழுமாவைச் சீக்கிரம் சிக்கெடுக்கச் செய்யும். முளைகட்டி, உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து அரைத்த மாவையும் இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மேல் அனுப்பவேண்டாம். திருப்பதி தொலைவில் இல்லை. அடுத்த முறை வரும்போது பிள்ளையே எடுத்துச் செல்லலாம்.