இரண்டு மாத்திரை ஒத்துப்போகுமா? எங்கே பார்ப்பது?

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். கூடவே கருத்தடை மாத்திரையும். 'அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?' என்கிறீர்களா? இருக்கிறது! காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் என்சைம்களை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோன் சீக்கிரமே சிதைந்து, ரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடும். தினமும் தவறாமல் விழுங்கியும் கரு தங்கிவிடலாம். ரிஃபாம்பிசினை முடித்த பிறகும் நாலு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அதுவரை காப்பர்-டி போன்ற வேறு வழியை டாக்டரிடம் கேளுங்கள். அதற்காக காசநோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

சரி, இதையெல்லாம் எங்கே பார்ப்பது? பக்கத்து வீட்டு மாமி சொல்வதை விடுங்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளில் பெரும்பாலும் 'இன்டராக்‌ஷன்ஸ்' என்றொரு பகுதி இருக்கும். கடையில் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தால் அந்தத் தாள் கைக்கு வராது, கேட்டு வாங்குங்கள். காஜியாபாத்திலுள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் வெளியிடும் 'நேஷனல் ஃபார்முலரி ஆஃப் இந்தியா', 'ஸ்டாக்லீஸ் டிரக் இன்டராக்‌ஷன்ஸ்' என்ற தடிப்புத்தகம் இவையெல்லாம் டாக்டர்களும் மருந்தாளுநர்களும் புரட்டுகிறவை. நமக்குத் தலைசுற்றும்! வீட்டிலுள்ள மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு பையில் அள்ளிப் போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட.